வெந்நீர்த் தவளையும் மேடைப் பேச்சும்

கொதிநீரில் இட்ட தவளை உடனே தாவித் தப்பும், குளிர்நீரில் இட்டு மெல்லச் சூடேற்றினால் உணராமலேயே வெந்து மடியும் என்னும் கூற்று, நிர்வாகப் பயிலரங்குகளிலும் தன்முன்னேற்ற நூல்களிலும் நெடுங்காலம் உலவி, அல் கோர் தோன்றிய 2006ஆம் ஆண்டின் காலநிலை ஆவணப்படத்திலும் இடம்பெற்று, அறிவியல் உண்மை என்னும் தகுதியை எட்டிவிட்டது. இதை உரைப்போர் தவளையின் கருத்தைக் கேட்டதாகத் தெரியவில்லை.

கூற்றின் முதற்பாதியை மறுக்க ஒரு வரி போதும்: கொதிநீர் தசையை நொடியில் சிதைத்துவிடுவதால், அதில் விழுந்த தவளைக்குத் தாவக் கால் மிஞ்சாது.

இரண்டாம் பாதி, ஜெர்மானிய உடலியங்கியலாளர் ஃபிரீட்ரிக் கோல்ட்ஸ் 1869இல் வெளியிட்ட ஆய்வோடு தொடர்புடையது. ஆன்மா உடலில் எங்கு உறைகிறது என்னும் வினாவை ஒட்டி, முழுத்தவளையையும் மூளை அகற்றிய தவளையையும் நீரில் அமர்த்திய அவர், வெப்பநிலையை 17.5 டிகிரி செல்சியசிலிருந்து 56 டிகிரிவரை ஏறத்தாழ 10 நிமிடங்களில் உயர்த்தினார். முழுத்தவளை 25 டிகிரியிலேயே அமைதியிழந்து வெளியேற முயன்றது. அசையாமல் அமர்ந்து வெந்தது மூளையற்ற தவளையே. மூளையை நீக்கினாலும் தண்டுவடம் எஞ்சியிருப்பதால், அத்தகைய தவளை கிள்ளிய காலை இழுத்துக்கொள்ளும், அமிலம் பட்ட இடத்தைப் பின்னங்காலால் துடைத்துக்கொள்ளும். மூளையின் துணையின்றி நிகழும் இவற்றை அனிச்சைச் செயல்கள் என்பர். ஆயினும், மெல்ல ஏறும் வெப்பத்தை உணர்ந்து இடம்பெயர்வதற்குத் தண்டுவடம் மட்டும் போதவில்லை என்பதையே அச்சோதனை காட்டிற்று. மேடைகளில் பழிக்கப்படும் அந்த மந்தநிலை தவளையின் இயல்பன்று, அறுவையின் விளைவு. மூளை பறிக்கப்பட்ட உயிரைச் சான்றாக நிறுத்தி, மூளையுள்ள அவையோரை எச்சரிப்பதே இவ்வுரைகளின் தனிச்சிறப்பு.

ஹைன்ஸ்மன் என்னும் ஆய்வாளர் 1872இல் 90 நிமிடங்கள் மெல்லச் சூடேற்றியபோது தவளைகள் தப்ப முயலவில்லை என்பர்; அவர் எட்டிய 37.5 டிகிரியோ இலேசான காய்ச்சலின் வெப்பமேயன்றிக் கொதிநிலை அன்று.

பிற்காலத்தில் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தின் விக்டர் ஹட்சிசன், நீர்நிலவாழ்விகளின் உச்ச வெப்பத் தாங்குவரம்பை, அதாவது விலங்கு ஒழுங்காக இயங்கும் ஆற்றலை இழக்கும் வெப்பநிலையை, விரிவாக ஆராய்ந்தார். நிமிடத்துக்கு ஏறத்தாழ 1 டிகிரி வீதம் நீர் சூடேறும்போது தவளையின் துடிப்பு மேன்மேலும் கூடும் என்றும், கலம் இடந்தந்தால் அது வெளியே குதித்துவிடும் என்றும் அவர் தெளிவுபடுத்தினார்.

சூழலியல் நோக்கிலும் இக்கூற்று நிற்காது. தவளை புறவெப்ப உயிரி. அதாவது உடல்வெப்பத்தைச் சூழலிலிருந்து பெறுவது. ஆழமற்ற குட்டையின் நீர் காலையில் குளிர்ந்திருந்து, நண்பகலுக்குள் படிப்படியாகச் சூடேறுகிறது. அம்மாற்றத்தை உணர்ந்து நிழலுக்கோ சேற்றுக்கோ விலகத் தெரியாத இனம், பல கோடி ஆண்டுகள் நிலைத்திருக்க இயலாது.

தவளையை வைத்தே நீதி புகட்டுவோருக்குத் தவளை தன் வாயால் கெடும் என்னும் பழமொழி உண்டு. பனாமாவில் தவளையின் குரலைக் கொண்டே அதைக் கண்டறிந்து வௌவால் வேட்டையாடுவதை ஆய்வாளர்கள் டட்டிலும் ரயனும் 1981இல் மெய்ப்பித்திருப்பதால் அதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு, மேடைப் பேச்சாளர்களுக்கு அது கூடுதலாகவே பொருந்தும்.