வயசானால் பல் விழத்தான் வேண்டுமா?

"வயசாச்சு சார், இனிமே பல் இருந்தா என்ன, போனா என்ன?" காலை நடைக்கு வரும் எங்கள் கூட்டத்தில் வாரம் ஒருமுறையாவது இந்த வசனம் காதில் விழுகிறது. சொல்பவர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. பென்ஷன் பாக்கிக்காக வருஷக்கணக்கில் விடாமல் மனுப் போட்டவர்கள், சர்க்கரை அளவைத் தேதிவாரியாக நோட்டில் குறித்து வைப்பவர்கள். பல் விஷயத்தில் மட்டும் விதியே என்று கையை விரித்துவிடுகிறார்கள்.

இதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. தலை நரைப்பது வயசால். பல் விழுவது பெரும்பாலும் ஈறு நோயாலும் சொத்தையாலும். இரண்டையும் பெருமளவு தடுக்க முடியும்.

பல்லும் ஈறும் சேரும் ஓரத்தில் தினமும் கிருமிகள் மாவுபோலப் படிகின்றன. அன்றாடம் துடைத்தெடுக்காவிட்டால் சில நாட்களில் அது காரையாக இறுகிவிடும். பிறகு எந்த பிரஷ்ஷாலும் போகாது. ஈறு வீங்கும், ரத்தம் கசியும், பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். பெரும்பாலும் வலியே இருக்காது. பல் ஆடும்போதுதான் நமக்கு விழிப்பு வருகிறது.

அப்போதும் டாக்டரிடம் போகிறோமா? "க்ளீன் பண்ணினா பல் ஆடிப்போயிடும்" என்று ஒருவர் தடுப்பார். ஐயா, எலும்பு ஏற்கெனவே கரைந்த பல்லை அந்தக் காரைதான் சிமெண்ட் மாதிரி ஒட்டிப் பிடித்திருந்தது. அதை எடுத்ததும் உண்மை வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். "மேல் பல்லைப் பிடுங்கினா கண் போயிடும்" என்பார் இன்னொருவர். பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு.

அடுத்து வருவார் பழம்பெருமைக்காரர். "எங்க தாத்தா வேப்பங்குச்சியில தேய்ச்சு, கடைசி வரைக்கும் முறுக்கு கடிச்சார்." சந்தோஷம். அப்படியானால் அந்தக் காலத்தில் வெற்றிலை இடிக்க வீட்டுக்கு வீடு சின்ன உரல் எதற்கு இருந்தது? பல் போன தாத்தா பாட்டிகளை வசதியாக மறந்துவிடுகிறோம். செங்கல் பொடியும் கரியும் பல்லைத் தேய்த்துக் கரைத்ததையும் மறந்துவிடுகிறோம். புகையிலை கலந்த பல்பொடியை அரசாங்கமே 1992ல் தடை செய்தது. வேப்பங்குச்சி மேல் எனக்குப் பகை இல்லை. ஆனால் அந்தத் தாத்தா இன்றைக்கு நம்மைப்போல நாளைக்கு நாலு தடவை சர்க்கரை போட்ட காபியும் பிஸ்கட்டும் சாப்பிட்டாரா?

பல் போனால் அழகு மட்டுமா போகிறது? சுண்டல், கடலை, கொய்யா, முருங்கைக்காய் எல்லாம் தட்டிலிருந்து போய்விடும். மிஞ்சுவது கஞ்சியும் ரொட்டியும் குழைந்த சாதமும். சர்க்கரை நோயாளிக்கு இதைவிட மோசமான சாப்பாடு உண்டா? போதாக்குறைக்கு, சர்க்கரை ஏறினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரையை அடக்குவது கஷ்டம்.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். காலையில் தேய்ப்பதைவிட இரவு படுக்கும் முன் தேய்ப்பது முக்கியம், தூக்கத்தில் எச்சில் குறைந்துவிடும். மென்மையான பிரஷ், ஃபுளோரைடு உள்ள பேஸ்ட், இரண்டு நிமிஷம், ஈறு ஓரத்தில் மெதுவாக. ரத்தம் வருகிறதென்று அந்த இடத்தை விட்டுவிடாதீர்கள், அங்கேதான் அழுக்கு இருக்கிறது. ஊக்காலும் தீக்குச்சியாலும் குத்தாதீர்கள், பல்லிடுக்குக்கென்றே சின்ன பிரஷ் கிடைக்கிறது. பி.பி. போன்றவற்றுக்கான சில மாத்திரைகளால் வாய் வறண்டால் மிட்டாய் போடாமல் தண்ணீர் குடியுங்கள், டாக்டரிடமும் சொல்லுங்கள். பல்செட்டை இரவில் கழற்றிக் கழுவித் தண்ணீரில் போட்டு வையுங்கள். புகையிலையையும் பாக்கையும் விட்டே ஆகவேண்டும், இரண்டுமே வாய்ப் புற்றுநோய்க்கு வழி.

செலவு என்பீர்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் பல் பிரிவு இருக்கிறது. காரை எடுக்கிற செலவு, பின்னால் பல் கட்டுகிற செலவில் ஒரு சிறு பங்குகூட ஆகாது.

கடைசியாகப் பிள்ளைகளுக்கு ஒரு கேள்வி. அப்பாவின் கண்ணில் புரை விழுந்தால் "இந்த வயசுல எதுக்கு ஆபரேஷன்" என்று சொல்வீர்களா? பல்லுக்கு மட்டும் ஏன் சொல்கிறீர்கள்? அடுத்த முறை அம்மாவை சர்க்கரை டெஸ்டுக்குக் கூட்டிப்போகும்போது பல் டாக்டரிடமும் ஒரு எட்டு காட்டிவிட்டு வாருங்கள்.