கோவணம், பூனை, சைக்கிள் ஷூ

காட்டாங்குளத்தூர், பொத்தேரி பக்கம் விடிகாலையில் ஜி.எஸ்.டி. சாலையோரம் நின்றால், தடித்த டயர் போட்ட கியர் சைக்கிள் ஒன்றிரண்டாவது கண்ணில் படும். புதிதாக மவுண்டன் பைக் வாங்கிய ஹாஸ்டல் பையன் இரண்டாவது வாரமே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "மச்சி, இதுக்குன்னு தனியா ஷூ வாங்கணுமாடா?"

வேண்டாம். இப்போதைக்கு வேண்டவே வேண்டாம்.

சைக்கிள் ஷூவில் இரண்டு ரகம். முதல் ரகத்தில் ஷூவின் அடியில் கிளீட் என்ற சின்னத் துண்டு இருக்கும். அது பெடலோடு பூட்டிக்கொள்ளும். பிரான்சின் லுக் நிறுவனம் 1984-ல் இப்படியொரு பெடலைக் கொண்டுவந்தது. அடுத்த வருடமே அதைப் போட்டு பெர்னார்ட் இனோ டூர் டி பிரான்ஸ் ஜெயித்தார். கரடுமுரடான பாதைக்கு ஏற்ற எஸ்.பி.டி. பெடலை ஷிமானோ 1990-ல் இறக்கியது. இரண்டாவது ரகத்தில் பூட்டு கிடையாது. சாதாரணத் தட்டைப் பெடலை விடாமல் பிடிக்கும் ரப்பர் அடிப்பாகம் மட்டும்தான்.

பூட்டு ஷூவில் காலை விடுவிக்க வேண்டுமென்றால் குதிகாலை வெளிப்பக்கம் திருப்ப வேண்டும். பழகிய காலுக்கு அது தானாக வரும். புதியவனுக்கு வராது. ஷேர் ஆட்டோ குறுக்கே வந்து நிற்கும், பிரேக் பிடிப்பான், சைக்கிள் நிற்கும், கால் மட்டும் கழன்று வராது. வேரோடு சாயும் வாழை மாதிரி பக்கவாட்டில் விழுவான். ஏரிக்கரை என்றால் சிராய்ப்போடு போகும். ஜி.எஸ்.டி. சாலையில் பின்னால் வருவது செங்கல்பட்டு பஸ்!

"பூட்டினால்தான் வேகம்" என்பார்கள். ஆஸ்திரேலியாவின் சாம் ஹில், மலையிறக்கப் போட்டியில் 2006, 2007, 2010 என மூன்று முறை உலக சாம்பியன். 2017 முதல் 2019 வரை எண்டூரோ உலகத் தொடரையும் வரிசையாக மூன்று முறை வென்றார். அவருடைய அடையாளமே பூட்டில்லாத தட்டைப் பெடல்தான். அவர் அணிந்ததும் அதற்கேற்ற நல்ல ஷூதான் என்பது உண்மை. ஆனால் பொத்தேரி ஏரிப் பக்கம் போய்வருகிறவனுக்கு அந்த ஷூ நாளைக்கே தேவையில்லை.

கோவணத்தை எலி கடிக்கிறதென்று பூனை வளர்த்து, பூனைக்குப் பாலுக்காகப் பசு வாங்கி, கடைசியில் குடும்பஸ்தனான சாமியார் கதை எல்லோருக்கும் தெரியும். சைக்கிள் ஷூவும் அதே கதைதான். பூட்டு ஷூ வாங்கினால் அதற்கென்று பெடல் வாங்க வேண்டும். கிளீட் தேய்ந்தால் அதையும் மாற்ற வேண்டும். அந்த ஷூவோடு வகுப்புக்கு நடந்தால் டக் டக் என்று சத்தம் வரும் என்பதால், பையில் இன்னொரு ஜோடி!

பொருளாதாரப் பாடத்தில் வாய்ப்புச் செலவு என்று படித்திருப்போமே, அது இங்கேதான் உதவும். ஷூவுக்குப் போகும் சில ஆயிரம் ரூபாய், ஹெல்மெட்டுக்குப் போகாத ரூபாய். விழுந்தால் முதலில் காப்பாற்ற வேண்டியது தலையை. அடுத்தது பஞ்சர் கிட், கூடுதல் டியூப், கைப்பம்பு. நம் ஊர் மண்பாதையில் சீமைக் கருவேல முள் யாரையும் விட்டுவைக்காது.

அப்படியென்றால் ஹவாய் செருப்பே போதுமா? அரசு கொடுத்த விலையில்லா சைக்கிளில் செருப்போடு பள்ளிக்குப் போனவர்கள் நம்மில் பலர். தார்ச்சாலைக்கு அது சரி. மழையில் நனைந்த மேட்டுப் பாதையில் செருப்பு வழுக்கும், கழன்று ஓடும், கால் விரல் கல்லில் இடிக்கும். மெத்மெத்தென்ற ஓட்டப்பந்தய ஷூவும் அவ்வளவு உசிதமில்லை. அதன் அடிப்பாகம் பெடல் மேல் வளைவதால் நேரமாக ஆகப் பாதம் வலிக்கும். தட்டையான, சற்றே விறைப்பான ரப்பர் அடி கொண்ட சாதாரண ஷூ ஒன்று போதும். பள்ளியில் பி.டி. பீரியடுக்குப் போட்ட கான்வாஸ் ஷூ ரகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாடாவின் நுனியை மட்டும் உள்ளே செருகிவிட வேண்டும், இல்லாவிட்டால் செயின் இழுத்துக்கொள்ளும்.

ஆறு மாதம் ஓட்டட்டும். குதிகாலைத் தாழ்த்தி எடையைப் பெடலில் இறக்கக் கால் பழகட்டும். அதற்குப் பிறகும் இறக்கத்தில் கால் நழுவினால், நீண்ட பயணத்தில் பாதம் எரிந்தால், அப்போது தட்டைப் பெடலுக்கான ஷூவை வாங்கலாம். பூட்டு ஷூவெல்லாம் அதற்கும் பிறகு. எது தேவை என்று அதற்குள் காலே சொல்லிவிடும், கடைக்காரர் சொல்ல வேண்டியதில்லை.