டி ஒன்றே சுருதி என்போருக்கு

அயர்லாந்து இசையில் ஈடுபாடு கொண்டு டின் விசில் பழகத் தொடங்கும் எவருக்கும் முதல் மாதத்திலேயே இரண்டு அறிவுரைகள் கிடைத்துவிடுகின்றன. முதலாவது: டி சுருதி ஊதல் ஒன்றை வாங்கு, வேறெதுவும் வேண்டாம். இரண்டாவது: வேறு சுருதிதான் வேண்டுமென்றால் மலிவானதைத் தொடாதே, கைவினைஞர் செய்ததை நூறு, இருநூறு யூரோ கொடுத்து வாங்கு. இரண்டையும் சொல்கிறவர் பெரும்பாலும் ஒருவராகவே இருப்பார். இரண்டும் தவறு என்பதும், இரண்டாவது தவறு மட்டுமன்று, அநியாயமும்கூட என்பதும் நமது கட்சி.

சொற்களை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். ஆறு துளைகளும் ஓர் ஊதுவாயும் கொண்ட இக்குழலின் ஐரிஷ் மொழிப் பெயருக்கும் தகர ஊதல் என்பதே நேர்ப்பொருள். ஆறு துளைகளையும் மூடி ஊதினால் எழும் ஸ்வரமே அதன் சுருதி. நம் வழக்கில் சொன்னால் சி ஒரு கட்டை, டி இரண்டு, ஈ ஃபிளாட் இரண்டரை, எஃப் நான்கு, ஜி ஐந்து, பி ஃபிளாட் ஆறரை. கருநாடக இசையில் புல்லாங்குழல் வித்துவான் ஒருவர் பல கட்டைக் குழல்களைப் பையில் வைத்திருப்பதை யாரும் விசித்திரமாகக் கருதுவதில்லை. தகர ஊதல்காரர் எஃப் சுருதியை எடுத்தால் மட்டும் ஏன் புருவங்கள் உயர்கின்றன?

‘மரபு’ என்பார்கள். எந்த மரபு? நீண்ட காலம் கடைகளில் கிடைத்த தகர ஊதல்களில் சி சுருதியில் அமைந்தவையும் பல. 19ஆம் நூற்றாண்டின் ஐரிஷ் குழல்பைகள் பலவும் சி, பி, பி ஃபிளாட் என்று தாழ்ந்த சுருதியில் ஒலித்தவையே. உரத்த டி சுருதிக் குழல்பை அந்நூற்றாண்டின் பிற்பகுதியில், அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் குடியேறிய டெய்லர் சகோதரர்களின் பட்டறையில் பெரிய அரங்குகளுக்காக உருவானது. வயலினின் திறந்த தந்திகளுக்கும் டி இணக்கமானது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மதுக்கடைகளில் கூடி வாசிக்கும் வழக்கம் பரவியபோது எல்லோரும் ஒன்றாக வாசிக்க ஒரு பொதுச் சுருதி தேவைப்பட்டது. டி அந்த இடத்தில் அமர்ந்தது. வசதிக்காகச் செய்துகொண்ட ஏற்பாட்டை இசையின் இலக்கணம் என்று ஓதுவது, வெண்பா ஒன்றே பா என்று சொல்லி ஆசிரியத்தையும் கலியையும் வஞ்சியையும் ஒதுக்கிவைப்பது போன்றது.

சரி, வேறு சுருதி யாருக்கு வேண்டும்? பாடுகிறவருக்கு வேண்டும். மனிதக் குரலைத் தொழிற்சாலை வார்ப்பதில்லை. ஒருவருடைய குரல் பி ஃபிளாட்டில் நிறைந்து நிற்கும். அதே பாட்டை டி-யில் எடுத்தால் உச்சியில் கீச்சிடும், அல்லது அடியில் மறைந்து போகும். அப்போது ஊதல்காரர் செய்வதென்ன? ‘என்னிடம் டி மட்டும்தான் உண்டு, நீங்கள் ஏறி வாருங்கள்’ என்கிறார். கருவி குரலுக்குத் துணை வருவதற்கு மாறாகக் குரலைத் தன் பின்னே இழுத்துச் செல்கிறது. பாட்டுக்காரர் இரண்டு முறை முயன்று பார்ப்பார். மூன்றாம் முறை ‘எனக்குப் பாட்டு வராது’ என்று ஒதுங்கிவிடுவார். ஊதலின் சுருதியைப் பற்றிய இந்த வாதத்தில் உண்மையில் பணயம் வைக்கப்படுவது அந்தக் குரல்தான்.

‘டி ஊதலிலேயே அரைத்துளை மூடி எல்லாச் சுருதிகளையும் வாசிக்கலாமே’ என்பது அடுத்த வாதம். வாசித்துப் பார்க்கட்டும். டி ஊதலில் டி, ஜி என்னும் இரண்டு மேஜர் சுருதிகள் இயல்பாக வரும். ஜி-க்கு வேண்டிய சி ஸ்வரம் மேலிருந்து இரண்டாம், மூன்றாம் துளைகளை மட்டும் மூடினால் கிடைக்கும். ஈ ஃபிளாட் மேஜரிலோ ஏழு ஸ்வரங்களில் ஈ ஃபிளாட், எஃப், ஏ ஃபிளாட், பி ஃபிளாட் ஆகிய நான்கும் அரைத்துளையையோ இடக்கான குறுக்கு விரலமைப்பையோ கேட்கும். ஐரிஷ் இசையின் உயிர் ‘கட்’, ‘ரோல்’ எனப்படும் மின்னல் வேக அணிகளில் இருக்கிறது. அவை விரல் முழுதாக எழுந்து முழுதாக விழுவதால் பிறப்பவை. அரைத்துளையில் நிற்கும் விரல் அவற்றைச் செய்ய இயலாது. ஸ்வரம் கிடைக்கும், இசை கிடைக்காது. அதே விரலமைப்போடு ஈ ஃபிளாட் ஊதலை எடுத்தால் ஈ ஃபிளாட்டும் ஏ ஃபிளாட்டும் இயல்பாக வந்துவிடும். எஃப் ஊதல் எஃப், பி ஃபிளாட் இரண்டையும் தரும். பி ஃபிளாட் ஊதல் பி ஃபிளாட், ஈ ஃபிளாட் இரண்டையும் தரும். புதிதாகக் கற்க வேண்டியது ஒன்றுமில்லை.

இனி விலைக்கு வருவோம். இங்கிலாந்தின் ஜெனரேஷன் ஊதல்கள் பித்தளையிலும் நிக்கல் பூச்சிலும் பி ஃபிளாட், சி, டி, ஈ ஃபிளாட், எஃப், ஜி என ஆறு சுருதிகளில் வருபவை. ஒரு நல்ல மதிய உணவின் விலைக்குமேல் போகாதவை. ஆறு சுருதியும் வாங்கினாலும் கைவினை ஊதல் ஒன்றின் விலையை எட்டாது. இதை அறிந்தும் ‘அது விளையாட்டுப் பொருள்’ என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களுக்கு இரண்டு சரித்திரங்களை நினைவூட்டுகிறோம்.

சஃபோக் மாவட்டத்துக் கோனி வெஸ்டன் கிராமத்தில் ராபர்ட் கிளார்க் என்னும் பண்ணைக் கூலி 1843இல் தகரத் தகட்டை உருட்டி, மரக்கட்டையை அடைப்பாக வைத்து ஊதல் செய்தார். கருவிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு மான்செஸ்டருக்கு நடந்தே சென்று தொழில் தொடங்கினார். கூலிக்காரர் செய்து கூலிக்காரர் வாங்கிய கருவி இது. மலிவு இதன் பிறவிக்குணம். மற்றது, 1950களின் ஜோகனஸ்பர்க். நிறவெறி அரசின் கீழ்க் கறுப்பினச் சிறுவர்கள் தெருமுனைகளில் மலிவு ஊதலை வாயில் சற்றே திருப்பி வைத்து வாசித்து ‘க்வேலா’ என்ற ஓர் இசை வகையையே படைத்தார்கள். ஸ்போக்ஸ் மஷியானே அதன் பெரும் கலைஞர். அவர்கள் பெரிதும் கையாண்டவை பி ஃபிளாட்டும் ஜி-யும், அதாவது நம் அறிவுரையாளர்கள் ‘அபூர்வம்’ என்று ஒதுக்கும் சுருதிகள். 1958இல் ‘டாம் ஹார்க்’ என்ற க்வேலா இசைத்தட்டு பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம்வரை ஏறியது. விளையாட்டுப் பொருள் செய்த வேலை இது.

மலிவு ஊதல்கள் எல்லாம் நன்றாக இருக்கும் என்று நாம் சொல்லவில்லை. ஒரே பெட்டியில் இருக்கும் இரண்டு, இரண்டு விதமாக ஒலிக்கும். ஆகவே தேர்ந்தெடுக்கத் தெரிய வேண்டும். அது காசு கேட்காத அறிவு. ஆறு துளைகளையும் மூடி மெல்ல ஊதுங்கள்: அடி ஸ்வரம் நடுங்காமல் நிற்க வேண்டும். மூச்சைச் சற்றே கூட்டினால் மேல் ஸ்தாயி சுத்தமாகத் தாவ வேண்டும். முன்னே சொன்ன இரண்டாம், மூன்றாம் துளை ஸ்வரத்தைச் சோதியுங்கள். அது பிசகினால் அந்த ஊதலில் ஒரு சுருதிதான் உங்களுக்கு, இரண்டாவது இல்லை. ஊதுவாயின் காற்றுப்பாதையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அச்சில் வார்த்தபோது ஒட்டிய பிளாஸ்டிக் பிசிறு இருந்தால் மெல்லச் சுரண்டி எடுக்கலாம். காற்றுப்பாதையின் அடியில் உள்ள குழிவைப் புளூ டாக் கொண்டு நிரப்பினால் பல ஊதல்களின் கரகரப்பு அடங்கும். எச்சில் அடைத்தால் ஒரு துளி சோப்பு நீர் போதும்.

சுருதி சிறிது கூடியிருந்தால், ஊதுவாயை வெந்நீரில் அமிழ்த்திப் பசையை இளக்கிச் சற்று வெளியே இழுக்கலாம். ஆனால் மிகையாக இழுத்தால் மேல்துளை ஸ்வரங்கள் அடித்துளை ஸ்வரங்களைவிட அதிகமாக இறங்கி ஸ்தானங்கள் குலையும். அரைச் சுருதி என்பது குழல் நீளத்தில் ஏறத்தாழ 6 விழுக்காடு. டி ஊதலில் ஒன்றரை சென்டிமீட்டருக்கும் மேல். டி-யை இழுத்துச் சி ஷார்ப் ஆக்கலாம் என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். வேறு சுருதிக்கு வேறு ஊதலே வழி. எது முதலில் என்று கேட்டால், பாடகரோடு செல்கிறவர்களுக்குப் பி ஃபிளாட் என்போம்: குரல் கனிவு, ஆனால் துளைகள் அகன்றிருக்கும், சிறு கைகள் பழக நாளாகும். வயலின்காரர்கள் தந்தியை அரைச் சுருதி ஏற்றி வாசிக்கும் கூடல்களுக்கு ஈ ஃபிளாட். ஜி கூர்மையானது; பக்கத்து வீட்டாரின் பொறுமையையும் கணக்கில் கொள்க.

கைவினைஞர்கள்மீது நமக்குப் பகையில்லை. ஏ, பி போன்ற சுருதிகள் ஜெனரேஷன் வரிசையில் கிடையாது; அங்கே டிக்சன், சுசாட்டோ போன்றோரின் பிளாஸ்டிக் ஊதல்களை நாடலாம், விலை சற்றுக் கூடும். ஒரு ஸ்தாயி இறங்கிய பெரிய ‘லோ விசில்’ வேண்டுமானால் கூடுதலாகச் செலவிடுவதில் நியாயமுண்டு. அந்தக் கருவியே கைவினையின் கொடை: ஃபின்பார் ஃப்யூரி உயிராகப் போற்றிய இந்திய மூங்கில் குழல் உடைந்துபோக, அதைச் சீர்செய்ய முடியாத பெர்னார்ட் ஓவர்டன் 1971இல் அலுமினியத்தில் ஒன்று செய்ததிலிருந்து பிறந்தது. ஒலிப்பதிவுக் கூடத்துக்குச் செல்லும் தொழில்முறைக் கலைஞர் விலையுயர்ந்ததை வாங்கட்டும். அது அவருடைய பிழைப்பு.

ஆனால் தொடங்குகிறவரிடமும் ஏழையிடமும் போய், ‘உன் குரலுக்கு ஏற்ற சுருதி வேண்டுமானால் இருநூறு யூரோவோடு வா’ என்று சொல்வதை இசையறிவு என்று நாம் ஒப்புவதற்கில்லை. அது வாயிற்காவலன் பேச்சு. பண்ணைக் கூலி ஒருவர் தள்ளுவண்டியோடு திறந்துவிட்ட கதவு அது. அதைச் சாத்துகிற உரிமை எவருக்கும் இல்லை.