‘பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்’

கேஷுவாலிட்டிக்கு ஒரு அக்கா வந்தாங்க. புருவத்துல தையல். மூணாவது தடவை. ஜூனியர் டாக்டர் என் காதுல, "மேடம், இவங்க ரெகுலர். நாம தைப்போம், இவங்க திரும்ப அவன்கிட்டயே போவாங்க" என்றார். இந்த த்ரெட் அவருக்கும் அவரை மாதிரி நினைக்கிற எல்லாருக்கும். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

முதல்ல நம்ம லட்சணத்தைப் பார்ப்போம். மூணு தடவையும் ஏ.ஆர். புத்தகத்துல "வழுக்கி விழுந்ததாகக் கூறப்படுகிறது". மூணு தடவையும் புருஷன் பக்கத்துலயே நின்னிருக்கான். வேற என்ன சொல்வாங்க? நாளைக்குக் கோர்ட்ல அவங்களுக்கு எதிரா நிக்கப்போறது நம்ம கையெழுத்துதான்.

அவனை மருந்துச் சீட்டோட வெளியே அனுப்பிட்டுக் கேட்டேன். குரல் கரகரன்னு இருந்துச்சு, எச்சில் முழுங்க வலி. கழுத்தை நெரிச்சிருக்கான். வெளியே தடம் இல்லை, பல நேரம் இருக்காது. மனைவியின் கழுத்தை ஒருமுறை நெரித்தவன் பின்னாளில் கொலை செய்யும் ஆபத்து பல மடங்கு அதிகம். "ரெகுலர்"னு சொன்னோமே, இவங்களைத்தான்.

சரி, "ஏன் திரும்பப் போறா?" மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் வர்ற ஏடிஎம் கார்டு அவன் சட்டைப் பையில. குழுக்கடன் இவங்க பேர்ல, செலவழிச்சது அவன். தவணை தவறினா குழுவே இவங்க வாசல்ல வந்து உட்காரும். அம்மா வீட்டுக்குப் போனா மூணாவது நாள் அண்ணன் முகம் மாறும்.

இன்னொண்ணும் இருக்கு. முன்னாடி ஒருமுறை அரளி விதை அரைச்சுக் குடிச்சவங்க. மனநல மாத்திரை சாப்பிடறாங்க. சில நாள் குடிக்கவும் செய்வாங்க. ஆமா, அவங்களும் குடிப்பாங்க. இங்கதான் நம்ம இரக்கம் தீர்ந்துபோகுது. அடிபட்ட பொண்ணுன்னா அடக்கமா அழணும், தேதி மாறாம கதை சொல்லணும், கத்தக் கூடாது. வருஷக்கணக்கா தலையில அடி வாங்கினவங்ககிட்ட ஞாபக சக்தியை எதிர்பார்க்கிறோம்!

காப்பகத்துக்கு போன் பண்ணினேன். "மாத்திரை சாப்பிடறவங்கன்னா கஷ்டம் மேடம்." இன்னொரு இடத்துல, "பையனுக்கு 14 வயசா? அவனை வேற எங்கயாவது விடணுமே." பிள்ளையைப் பிரிஞ்சு எந்த அம்மா வருவா? சகி ஒன் ஸ்டாப் சென்டர் நல்ல ஏற்பாடுதான், ஆனா தற்காலிகமா 5 நாள் வரைதான் தங்கலாம். ஆறாவது நாள்?

சொல்லப்போனா அவங்க ஏன் வெளியேறணும்? 2005 குடும்ப வன்முறைச் சட்டப்படி, வீட்டைவிட்டு வெளியே போன்னு அவனுக்கு மாஜிஸ்திரேட் உத்தரவு போடலாம். அதன் 2006 விதிகள் நமக்கும் வேலை வச்சிருக்கு: புகார் இல்லைன்னு சிகிச்சையை மறுக்கக் கூடாது. குடும்ப வன்முறை அறிக்கை இல்லைன்னா மருத்துவமனையே எழுதிப் பாதுகாப்பு அலுவலருக்கு அனுப்பணும். மருத்துவ அறிக்கை நகல் இலவசம். எத்தனை டாக்டர் அந்தப் படிவத்தைக் கண்ணால பார்த்திருக்கோம்? நான் படிச்சு முடிச்சு பல வருஷம் கழிச்சுத்தான் பார்த்தேன். வெட்கமாத்தான் இருக்கு.

இது அபூர்வ கேஸும் இல்லை. NFHS-ன்னு எல்லாரும் மேற்கோள் காட்டுற தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 100-க்கு 38 பேர் கணவனின் வன்முறையை அனுபவித்தவர்கள்.

"கவுன்சலிங் கொடுத்துச் சேர்த்து வைங்க"ன்னு கமெண்ட் போட வர்றவங்க தயவுசெஞ்சு கழுத்து பத்தி எழுதினதை இன்னொரு தடவை படிங்க. அவங்களுக்கு வேண்டியது அட்வைஸ் இல்லை. பேங்க்குக்கும் கோர்ட்டுக்கும் மனநல ஓ.பி.க்கும் கூடவே வர்ற ஒரே ஆள், மாசக்கணக்குல. நடுவுல அவங்க ஒருமுறை திரும்பிப் போனாலும் போனை எடுக்கிற ஆள்.

நேத்து தையல் பிரிக்க வந்தாங்க, பையனோட. இன்னும் அதே வீடுதான். ஆனா அவங்க பேர்ல புது சிம், புது பேங்க் அக்கவுண்ட். படிவம் பாதுகாப்பு அலுவலர் கைக்குப் போயாச்சு. புதன்கிழமை எங்க சோஷியல் ஒர்க்கர் கூட மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போறாங்க.

உதவி எண் 181. ராத்திரியிலும் எடுப்பாங்க.