வழுக்குகிற வாசலுக்கு எதற்கு அழகு?

வீட்டுக்கு வெள்ளையடித்து, வாசலை மாற்றி, மாடிப்படிக்குப் புதுக் கல் பதிக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறீர்களா? நல்ல காரியம். ஆனால் மேஸ்திரி கையில் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் இந்தப் பக்கத்தை ஒரு தடவை படித்துவிடுங்கள். எங்கள் குடும்பம் படாத பாடு பட்டுக் கற்றுக்கொண்ட பாடம் இது. உங்களுக்கு இலவசமாகவே கிடைக்கட்டும்.

நாங்கள் இருப்பது விழுப்புரத்தில். அக்கா வீடு திண்டிவனத்தில். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அக்கா மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்றதும் முதலில் எழுந்த பேச்சே வாசல் பற்றித்தான். பழைய சிவப்பு ஆக்சைடு படி. அங்கங்கே வெடிப்பு விட்டிருந்தது. "இதைப் பார்த்தா என்ன நினைப்பாங்க?" என்றார் அக்கா. பெயர்த்துப் போட்டு, வாசல் படி மூன்றுக்கும், மாடிப்படி முழுக்கவும் கறுப்புக் கிரானைட் பதித்தார்கள். கண்ணாடி மாதிரி பளபளப்பு. "முகம் பார்த்துப் பொட்டு வெச்சுக்கலாம் போலிருக்கே அக்கா!" என்று மெச்சியவள் நான்தான். அதை நினைத்தால் இன்றைக்கும் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

நிச்சயம் முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை. விடியற்காலை வாசல் தெளித்துக் கோலம் போட இறங்கினார் அக்காவின் மாமியார். நாங்களும் 'அத்தை' என்றுதான் கூப்பிடுவோம். வயசு 71. நாற்பது வருஷமாக இறங்கிய அதே வாசல். ஆனால் அதே படி இல்லை! ஈரக் கால், ஈரக் கல், பிடித்துக்கொள்ள எதுவும் கிடையாது. இரண்டாவது படியில் சறுக்கி உட்கார்ந்தவர்தான். தொடை எலும்பு இடுப்போடு சேருகிற இடத்தில் முறிவு. ஆபரேஷன், பிளேட், வாக்கர், மாதக் கணக்கில் படுக்கை...

கல் பதித்த செலவைவிட ஆஸ்பத்திரிச் செலவு பல மடங்கு. பணத்தை விடுங்கள். தன் கையால் வாசலில் கோலம் போட்டவர், அதற்கப்புறம் தனியாக வாசல் இறங்கவில்லை. இதற்கு எந்தக் கணக்கில் விலை போடுவது?

"விதி" என்று சொல்லாதீர்கள்

"அவங்க நேரம், என்ன பண்றது?" என்று பார்க்க வந்தவர்கள் சொன்னார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கீழே விழுவது விதி இல்லை; பெரும்பாலும் வீட்டின் அமைப்பில் இருக்கிற குறை. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி ஆண்டுதோறும் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள். எதிர்பாராத விபத்துச் சாவுகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். அதில் அதிகம் பேர் அறுபது வயசைத் தாண்டியவர்கள்.

சாலையில் போகும் பிள்ளையிடம் "ஹெல்மெட் போட்டியா?" என்று கேட்கிற நாம், வீட்டுப் படியில் இறங்கும் அம்மாவைப் பற்றி யோசிப்பதே இல்லை.

வயசான உடம்பைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பின் அடர்த்தி வேகமாகக் குறைகிறது. இளசுக்குச் சிராய்ப்போடு போகிற விழுதல், அவர்களுக்கு முறிவாகிவிடும். கண்ணுக்கு முன்னைவிட அதிக வெளிச்சம் வேண்டும். கிட்டப்பார்வை, தூரப்பார்வை இரண்டுக்கும் சேர்த்துப் போடும் கண்ணாடியில், கீழே குனிந்து பார்த்தால் படி மங்கலாகத் தெரியும். சர்க்கரை நோய் நாள்பட்டவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சியே குறைந்திருக்கும். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிற சிலருக்குச் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். இத்தனையும் வைத்துக்கொண்டு, கறுப்புப் படியில் கறுப்பு விளிம்பை மங்கலான விடியலில் தேட வேண்டும் என்றால் எப்படி?

கல் மேல் குற்றமில்லை

கல்லைத் திட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள். நம்ம விழுப்புரம் மாவட்டத்துக் கறுப்புக் கல் 'குன்னம் பிளாக்' என்ற பெயரில் விலை போகிறது. நம்ம ஊர்க் கல், நமக்குப் பெருமைதான். ஆனால் செஞ்சிக் கோட்டையில் ராஜகிரி மேலே ஏறியிருக்கிறீர்களா? 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த பன்னிரண்டு மராட்டியர் காலக் கோட்டைகளில், தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். அங்கேயும் கல் படிதான். ஆனால் உளி பட்ட கல், சொரசொரப்பான கல். பாதத்தைப் பிடித்துக்கொள்ளும். அந்த ஜாதிக் கல்லைத்தான் நாம் மெஷினில் கொடுத்துக் கண்ணாடியாக்கி, அதன் மேல் தண்ணீரையும் ஊற்றி, வயசானவர்களை நடக்கச் சொல்கிறோம்!

அந்தக் காலத்து வாசலை நினைத்துப் பாருங்கள். நிலைப்படிக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார்கள். படி ஓரத்தில் காவிப் பட்டை அடித்தார்கள். மங்களத்துக்காகத்தான் செய்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் அதனால் கூடவே கிடைத்த பலன் என்ன? படி எங்கே முடிகிறது என்று அகல் விளக்கு வெளிச்சத்திலும் கண்ணுக்குத் தெரிந்தது. திண்ணை இருந்தது, உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார்கள். திண்ணைத் தூண் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். திண்ணையை இடித்துக் கார் நிறுத்த இடம் பண்ணினோம். தூணும் போச்சு, பட்டையும் போச்சு, பிடிமானமும் போச்சு. அழகு என்று எதைச் சேர்த்தோமோ, அது காலைக் காப்பாற்றுகிற ஒவ்வொன்றையும் அகற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தது.

அப்படியானால் எப்படித்தான் புதுப்பிப்பது?

முதலில் படியின் அளவு. வீட்டு மாடிப்படிக்கு உயரம் 19 சென்டிமீட்டருக்கு மிகாமலும், கால் வைக்கும் அகலம் 25 சென்டிமீட்டருக்குக் குறையாமலும் இருக்க வேண்டும் என்கிறது தேசிய கட்டட விதித்தொகுப்பு. சுமாராக ஏழரை அங்குலம், பத்து அங்குலம். அதைவிட முக்கியம், எல்லாப் படியும் ஒரே உயரமாக இருப்பது. இரண்டு படி ஏறியதுமே காலுக்கு அளவு பழகிவிடும். மூன்றாவதைக் கண் பார்க்காமலே கால் எடுத்து வைக்கும். ஒரு படி மட்டும் அரை அங்குலம் கூடக் குறைய இருந்தாலும் தடுக்கும். பழைய தரையை உடைக்காமல் அதன் மேலேயே டைல்ஸ் ஒட்டுகிறார்கள் இல்லையா? தரை ஒரு அங்குலம் ஏறுகிறது. அந்த அளவுக்கு முதல் படி குள்ளமாகிவிடுகிறது. மேஸ்திரியிடம் இதை முன்கூட்டியே கேளுங்கள். வேலை முடிந்ததும் டேப்பை எடுத்து ஒவ்வொரு படியாக அளந்து பாருங்கள். "என்னம்மா, எங்களை நம்ப மாட்டீங்களா?" என்பார். பரவாயில்லை, அளங்கள்!

இரண்டாவது, கல். கிரானைட்தான் வேண்டும் என்றால் பாலிஷ் போடாத, சொரசொரப்பான பரப்பு உள்ளதாகக் கேளுங்கள். பாலிஷ் கல் ஏற்கெனவே பதித்தாகிவிட்டதா? படி விளிம்பையொட்டி இரண்டு மூன்று கோடு வெட்டித் தரச் சொல்லலாம். சொரசொரப்பான பட்டி ஒட்டலாம். கடையில் கல் வாங்கும்போது ஒரு சோதனை செய்யுங்கள். கல் மேல் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி, யாரையாவது பிடித்துக்கொண்டு, வெறுங்காலால் மிதித்துப் பாருங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.

மூன்றாவது, விளிம்பு. கறுப்புப் படிக்கு வெள்ளையோ மஞ்சளோ, வெளிர் நிறப் படிக்குக் காவியோ, ஒவ்வொரு விளிம்பிலும் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை. நம் பாட்டிமார் செய்ததுதான். இதைவிட மலிவான அலங்காரமும் கிடையாது, இதைவிட அழகும் கிடையாது.

நான்காவது, கைப்பிடி. மாடிப்படிக்குச் சுவர் பக்கமும் சேர்த்து இரண்டு பக்கமும் இருந்தால் உத்தமம். வாசலில் மூன்றே படியாக இருந்தாலும் ஒரு கம்பி வையுங்கள். விரல்கள் சுற்றிப் பிடிக்கிற உருண்டையாக இருக்கட்டும். அகலமான கல் பலகையைக் கை பிடிக்காது. "ஆஸ்பத்திரி மாதிரி ஆயிடுமே?" என்கிறார்கள். தேக்கு மரத்தில் கடைந்து வையுங்கள், யார் வேண்டாம் என்றது?

ஐந்தாவது, வெளிச்சம். படிக்கு மேலேயும் கீழேயும் 'டூ வே' ஸ்விட்ச். விடியற்காலை எழுகிறவர்கள் உள்ள வீட்டில், வாசல் விளக்கின் ஸ்விட்ச் கதவுக்கு உள்பக்கம் கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

மாடிப்படி வெளியே இருக்கிற வீடுகள் நம் பக்கம் அதிகம். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியது மறந்திருக்காது. அந்த மாதிரி மழைக்குப் பிறகு படியில் பச்சையாகப் பாசி பிடிக்கும். அதைப் பிரஷ் போட்டுத் தேய்க்காமல் புது பெயின்ட் அடித்துப் பயனில்லை. பாசி மேல் அடித்த பெயின்ட் உரிந்து வரும், வழுக்கலும் போகாது.

அலங்காரத்திலும் சில எச்சரிக்கைகள்

பூந்தொட்டி வையுங்கள். வில்லியனூர் சுடுமண் வேலைப்பாடு புவிசார் குறியீடு பெற்றது. நமக்குப் பக்கத்து ஊர்தான். ஆனால் படியின் மேல் வைக்காதீர்கள். ஓரத்துத் தரையில் வையுங்கள். தொட்டிக்கு அடியில் உள்ள தட்டிலும், மணி பிளான்ட் பாட்டிலிலும் தேங்கும் நீரில்தான் டெங்குக் கொசு முட்டையிடும். அந்த முட்டை பாத்திரத்தின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் வற்றினாலும் மாதக் கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால் வாரம் ஒரு முறை தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தேய்த்தும் கழுவ வேண்டும்.

பழைய கிரில், கைப்பிடிக்குப் புது பெயின்ட் அடிக்கிறீர்களா? வீட்டு பெயின்ட்டில் ஈயத்தின் அளவைப் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மிகாமல் கட்டுப்படுத்தும் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்ட்டில் ஈயம் நிறைய இருந்திருக்கலாம். அதை உலர்வாகச் சுரண்டினால் தூளாகப் பறக்கும். குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்குக் கெடுதல். நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். அன்றைக்குக் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் வர வேண்டாம்.

பாலிஷ் கல் மேல் கோலமாவு சிந்தினால் அதுவும் சறுக்கும். கோலத்தைப் படியில் போடாமல் தரையில் போடுங்கள். ரப்பர் அடிப்பாகம் இல்லாத மிதியடி, படியில் அடுக்கிய செருப்பு, பழைய பேப்பர் கட்டு எதுவும் வேண்டாம். படிக்கு அடியில் எலெக்ட்ரிக் ஸ்கூட்டரை சார்ஜ் போடுவதும் வேண்டாம். தீப்பிடித்தால் மாடியில் இருப்பவர்கள் இறங்க வழி இருக்காது.

இத்தனைக்குப் பிறகும் யாராவது விழுந்துவிட்டால், பதறிப்போய்த் தூக்கி நிறுத்தாதீர்கள். எண்ணெய் போட்டு நீவாதீர்கள். காலை ஊன்ற முடியவில்லை, ஒரு கால் குட்டையாகவோ வெளிப்பக்கம் திரும்பியோ தெரிகிறது என்றால், அசைக்காமல் படுக்க வைத்து 108-ஐ கூப்பிடுங்கள். தாமதமாக ஆகப் படுக்கைப்புண், நுரையீரலில் சளி கட்டுவது, காலில் ரத்தம் உறைவது என்று ஒவ்வொன்றாகச் சேரும்.

"எங்க வீட்ல வயசானவங்க யாரும் இல்லையே" என்கிறீர்களா? உங்கள் வீட்டுக்கு வருகிற விருந்தாளிக்கு அம்மா இல்லையா? நிறைமாதமாகப் பெண் பிரசவத்துக்கு வர மாட்டாளா? பேரன் தவழ மாட்டானா? அதெல்லாம் போகட்டும்... இன்னும் இருபது வருஷம் கழித்து அந்தப் படியில் இறங்கப் போவது யார்? நீங்கள்தானே!

அக்கா வீட்டில் இப்போது படிக்குக் கோடு வெட்டி, மஞ்சள் பட்டை அடித்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் கம்பி. வாசலோரம் திண்ணை மாதிரி ஒரு மேடையும் கட்டிவிட்டார்கள். கல்யாணமான பேத்தி பிறந்த வீட்டுக்கு வந்தால் அவள்தான் கோலம் போடுகிறாள். அத்தை யாரையாவது பிடித்துக்கொண்டு வந்து மேடையில் உட்கார்ந்து, "புள்ளியைத் தள்ளி வைடி" என்று அதட்டுகிறார். "சரி ஆயா, சரி ஆயா" என்று அவளும் கேட்டுக்கொள்கிறாள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கம்பியின் விலை என்ன தெரியுமா? பத்து நாள் முன்னால் வைத்திருந்தால் சில ஆயிரம் ரூபாய். பின்னால் வைத்ததால் ஒரு மனுஷியின் நடை.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, இருட்டின பிறகு வாசல் படியும் மாடிப்படியும் மெதுவாக ஒரு தடவை ஏறி இறங்குங்கள். அவர் எங்கே தயங்குகிறார், எங்கே சுவரைத் தொடுகிறார் என்று பாருங்கள். புதுப்பிக்க வேண்டிய இடம் அதுதான். பெயின்ட் கலர் என்ன என்று அப்புறம் யோசிக்கலாம்.