கடைசி வரியில் இருந்த உயிர்

களியக்காவிளையைத் தாண்டினால் பாறசாலை. 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு தமிழ்நாட்டோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றுவிட்டது. கோடு கிழித்தவர்களால் உறவுகளைப் பிரிக்க முடியவில்லை. என் மைத்துனர் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.

போன மாதம் அவர் வீட்டுத் திண்ணையில் ஒரு பட்டியல் தயாரானது. ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு நெய்யாற்றில் சுற்றிவர, ஆறு பேர் உட்காரக்கூடிய பழைய ஃபைபர் வள்ளம் ஒன்றை எஞ்சினோடு வாங்கியிருந்தார். பட்டியலின் முதல் வரியில் பாட்டுப் பெட்டி. இரண்டாவது, வெயில் மறைக்கும் கூரை. கடைசி வரியில், 'லைஃப் ஜாக்கெட் - 4'.

"ஆறு பேருக்கு நாலா?" என்றேன்.

"நமக்கெல்லாம் நீந்தத் தெரியுமே அத்தான். யாராவது கேட்டால் காட்டத்தானே?"

"அம்மாவுக்கு?"

பதில் இல்லை. உள்ளே என் மாமியார் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

அவர் என்னைக் கலந்துகொண்டதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் படகுப் பாதுகாப்புக் கையேடு ஒன்றைத் தமிழாக்கம் செய்தேன். லைஃப் ஜாக்கெட்டுக்கு 'உயிர்காப்பு அங்கி' என்று பெருமையோடு எழுதி, பூவாறு பக்கம் ஒரு படகோட்டியிடம் காட்டினேன். "அங்கி பாதிரியார் போடுறதல்லவா சாரே! இது ஜாக்கெட்" என்றார். முதுகலைத் தமிழ் அங்கேயே தோற்றது. அதைவிட முக்கியமான பாடம் வேறொரு நாள், வேறொரு படகில் கிடைத்தது. ஜாக்கெட்டுகள் இருக்கைக்கு அடியில் ஒரே கட்டாகக் கிடந்தன. கட்டைப் பிரித்து என் எட்டு வயது மகளுக்கு ஒன்றை மாட்டி, தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கினேன். ஜாக்கெட் என் கையோடு வந்தது. குழந்தை கீழேயே நின்றாள். எல்லாமே பெரியவர்கள் அளவு.

அப்படியே அவள் தண்ணீரில் விழுந்திருந்தால், ஜாக்கெட் மட்டும் மிதந்திருக்கும்.

நீர்நிலைகளில் கேரளம் கொடுத்த விலை பெரிது. மகாகவி குமாரன் ஆசான் 1924-ல் பல்லனையில் படகு கவிழ்ந்துதான் இறந்தார். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் இரண்டடுக்குப் படகு சாய்ந்து 45 பேர் மாண்டார்கள். 2023 மே 7 மாலை தானூரில் 22 பேர். அந்தப் படகில் ஏறியவர்கள் அனுமதித்த எண்ணிக்கையைவிட அதிகம். இறந்தவர்களில் பாதிக்கு மேல் குழந்தைகள். படகு கவிழ்வதற்குச் சில நொடிகள் போதும். இருக்கைக்கு அடியிலோ பெட்டிக்குள்ளோ உள்ள எதையும் தேடி எடுக்க அந்த நொடிகள் போதாது. ஆகவே உடம்பில் இருக்க வேண்டியதை முதலில் வாங்குங்கள். படகில் இருக்க வேண்டியதைப் பிறகு வாங்குங்கள்.

ஒரு காலத்தில் ஜாக்கெட்டுக்குள் தக்கையை வைத்தார்கள். பிறகு நம் இலவம்பஞ்சு வந்தது. இலவு காத்த கிளி ஏமாந்தாலும், அதே பஞ்சு மாலுமிகளைக் காப்பாற்றியது. உறை கிழிந்து நீர் புகுந்தால் அதற்கும் ஆபத்து என்பதால், இப்போது நுரைப்பொருள் வைக்கிறார்கள். வாங்கும்போது உள்ளே எழுதியிருக்கும் எண்ணைப் பாருங்கள். மிதக்கவைக்கும் விசையை நியூட்டனில் குறித்திருப்பார்கள். 50 என்றால் நீந்தத் தெரிந்தவர்கள் கரையோரத்தில் அணிவது. அமைதியான நீர்நிலைக்கு 100, கடலுக்கு 150. நீந்தத் தெரியாதவருக்கு 50 கூடாது. கழுத்துப் பட்டை உள்ளது நல்லது. மயங்கினாலும் முகத்தை வானம் பார்க்க வைக்க அது உதவும். குழந்தைகளுக்குத் தனி அளவும், கால்களுக்கு இடையே வரும் பட்டையும் கட்டாயம். ஒளியைத் திருப்பியடிக்கும் பட்டையும் ஒரு விசிலும் இருக்க வேண்டும். தண்ணீர் பட்டதும் தானே ஊதிக்கொள்ளும் ரகம் பார்க்க ஒயிலானது. ஆனால் அதன் வாயுக் குப்பியையும் நீரில் கரையும் வில்லையையும் காலாகாலத்தில் மாற்ற வேண்டும். மறந்துபோகிற குடும்பத்துக்கு நுரை ஜாக்கெட்டே மேல்.

அடுத்தது படகு. அதற்கு என்ன தேவை என்பதைத் தண்ணீர்தான் தீர்மானிக்கிறது. அகத்தியமலையில் பிறக்கும் நெய்யாறு பூவாறில் கடலில் கலக்கிறது. நடுவே மணல்திட்டு. திட்டு உடைந்து வழிவிடும் இடத்தைப் பொழி என்கிறார்கள். பக்கத்து ஊரின் பெயரே பொழியூர். மழைக்காலத்தில் பொழி திறந்திருக்கும்போது ஆறு எல்லாவற்றையும் கடலை நோக்கி இழுக்கும். அங்கே எஞ்சின் நின்றால் உங்களை நிறுத்துவது நங்கூரம் மட்டுமே. அதன் கயிறு ஆழத்தைப்போல் ஐந்து மடங்காவது வேண்டும். மூன்று மீட்டர் ஆழத்துக்குப் பதினைந்து மீட்டர். ஆழத்தின் அளவுக்கே கயிறு வைத்தால் நங்கூரம் மண்ணில் பிடிக்காது. கூடவே இரண்டு துடுப்புகள், தண்ணீர் இறைக்க ஒரு வாளி, வீசியெறியக் கயிறு கட்டிய மிதவை வளையம், சிறிய தீயணைப்பான், டார்ச். எஞ்சினில் தொங்கும் சிவப்புக் கயிற்றின் மறுமுனை ஓட்டுபவர் மணிக்கட்டில் இருக்கட்டும். அவர் விழுந்தால் எஞ்சின் நிற்கும்.

பொழியைத் தாண்டிக் கடலுக்குப் போகலாமா என்று மைத்துனர் கேட்டார். கூடாது என்றேன். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது, பொழியூர், நீரோடி, தூத்தூர் என்று எல்லையின் இருபுறமும் கரையில் பெண்கள் காத்து நின்றார்கள். கடலைப் பிறவியிலேயே அறிந்தவர்கள்தான் போனார்கள். ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனால் செல்போன் ஊமையாகிவிடும். செயற்கைக்கோள் வழியாக ஆபத்துச் செய்தி அனுப்ப இஸ்ரோ உருவாக்கிய கருவி மீன்பிடி படகுகளுக்கு வந்திருக்கிறது. உல்லாசத்துக்குப் போகிறவருக்கு நல்ல கருவி, திரும்பிவிடும் புத்திதான். ஆனாலும் கடலோரக் காவல்படையின் 1554 என்ற எண்ணைக் குறித்துவையுங்கள். இரு மாநிலக் கடலுக்கும் அதே எண்தான். போனை நீர்புகா உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டுங்கள். புறப்படும்முன், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று கரையில் ஒருவரிடம் சொல்லுங்கள். இதற்குச் செலவே இல்லை.

பட்டியல் திருத்தப்பட்டது. பாட்டுப் பெட்டி அடிபட்டது. கூரை அடுத்த வருஷத்துக்குப் போனது. ஜாக்கெட் ஆறு, அதில் இரண்டு குழந்தைகள் அளவு.

வாங்கியதோடு விடவில்லை. இடுப்பளவு தண்ணீரில் எல்லோரும் அணிந்து பார்த்தோம். புடவைக்கு மேல் பட்டைகளை இறுக்கிக் கட்டியபோது மாமியார் முணுமுணுத்தார். மகன் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லப் பின்னால் சாய்ந்தார். பிறகு கையை விட்டார்.

நெய்யாற்றங்கரையிலேயே வாழ்ந்தவர், எழுபது வயதில் முதல்முறையாக அதில் மிதந்தார்.