சான்றிதழ் போதாது, பதவி வேண்டும்

தோட்டத்துக் கந்தோரில் பூட்டிக் கிடந்த பேரேடுகள் மலையகத் தமிழரின் நாட்டுரிமையைத் தீர்மானித்த காலம் ஒன்று இருந்தது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றோராக்கியது. அடுத்த ஆண்டு வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம், மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும், 1946 சனவரி 1ஆம் நாளுக்கு முன் இந்நாட்டில் இடையறாது வாழ்ந்ததை நிறுவுமாறு கேட்டது. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் குவிந்தன. உரிமை பெற்றோர் சுமார் 1,34,000 பேரே! நிராகரிப்புக்குக் காரணங்கள் பல. சான்று காட்ட இயலாமை அவற்றுள் ஒன்று. செக்ரோலும் பேர்ப்பதிவும் துரையின் கையில் இருந்தன. கொழுந்து கிள்ளிய கையில் ஒரு தாள்கூட இல்லை.

நமுனுகுல மலைச்சாரலில் உள்ள ஸ்பிரிங்வெளியை எடுத்துக்கொள்வோம். கோப்பிக் காலத்தையும் தேயிலைக் காலத்தையும் கண்ட ஊவாவின் தோட்டங்களுள் அதுவும் ஒன்று. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின; 1992இல் நிருவாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. நிலத்தின் பெறுமதியையும் தொழிற்சாலையின் பெறுமதியையும் கணக்கிட்டுக் கைமாற்றியோர், தொழிலாளியின் உழைப்பைப் பதிந்த ஏடுகளுக்கு என்ன மதிப்புக் கொடுத்தனர்? சேமலாப நிதிக்காகவும் பிறப்புப் பதிவுக்காகவும் முதியோர் இன்றும் பழைய தாளொன்றைத் தேடி அலைகின்றனரே, அதுவே இக்கேள்விக்கு விடை.

2023இல் மலையக மக்கள் வரவின் இருநூறாம் ஆண்டு நினைவுகூரப்பட்டது. தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தனர். ஏடு தேடும் ஆர்வம் வளர்ந்தது. இது வரவேற்கத்தக்கதே. ஆனால் அந்த ஏட்டைக் காப்பவர் யார்? உயர்தரம் முடித்த தோட்டத்துப் பிள்ளைகள், “பயிலுநர்” என்ற பெயரில் சில மாதங்களுக்கு அழைக்கப்படுகின்றனர். துருவேறிய ஊசிகளைக் களைகின்றனர்; தாளின் தூசு துடைக்கின்றனர்; இலக்கமிட்டுப் படமெடுக்கின்றனர்; பட்டியல் எழுதுகின்றனர். பணம் முடிந்தவுடன் திட்டமும் முடிகிறது. கையில் ஒரு சான்றிதழ். பின்னர் கொழும்புக் கடையில் விற்பனை வேலை. நம்மிடம் தமிழ் பயின்ற மாணவியர் சிலர் சென்ற வழி இதுதான். அவர்கள் கற்ற தொழில் ஈராண்டில் மறந்துபோகிறது. அடுத்த திட்டம் வேறு பிள்ளைகளைக்கொண்டு மீண்டும் அரிச்சுவடியிலிருந்து தொடங்குகிறது.

“சமூகத்துக்குச் செய்யும் தொண்டுக்குக் கூலி கேட்கலாமா?” என்று சிலர் வினவுகின்றனர். திட்டத்தை வகுப்போர் சம்பளம் பெறும்போது, தூசு துடைப்போர் மட்டும் தொண்டராக இருத்தல் வேண்டும் என்பது எந்த நியாயம்? மலிவான உழைப்பின்மேல் எழுந்த தோட்டத்தின் வரலாற்றை மலிவான உழைப்பைக்கொண்டே எழுதப் பார்க்கின்றனர்.

“எல்லாம் கணினியில் ஏறிவிட்டன, இனி ஆள் எதற்கு?” என்பது வேறொரு வாதம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. பிரதி எடுப்பதன் அவசியத்தை அந்நெருப்பு நமக்கு உணர்த்தியது. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம முயற்சி அவ்வழியில் அரும்பணி ஆற்றி வருகிறது. எனினும், பெயரும் ஆண்டும் பொருளும் அறிந்து ஒருவர் பட்டியலிடாவிட்டால், கணினியில் கிடக்கும் படத்துக்கும் இரும்புப் பெட்டியில் கிடக்கும் தாளுக்கும் வேறுபாடில்லை. தேடி வருபவருக்கு எடுத்துக் கொடுக்கவும் ஆள் வேண்டுமன்றோ?

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். 1924 சனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகப் பொறுப்பேற்றார். அதன் பின்னரே இலண்டன் சென்று நூலகவியல் பயின்றார். இந்திய நூலகவியலை அவர் உருவாக்கிய வரலாற்றை யாவரும் போற்றுகின்றனர். அவருக்குப் பதவி முன்னே வந்தது, பயிற்சி பின்னே வந்தது என்பதை நினைப்பவர் சிலரே. நம் பிள்ளைகளுக்கோ பயிற்சி மட்டும் உண்டு, பதவி இல்லை.

ஆவணப் பணியும் நூலகப் பணியும் ஒன்றல்ல. ஆவணத்தை அது பிறந்த அலுவலகத்தின் ஒழுங்கு குலையாமல் காத்தல் வேண்டும். நூலைப் பொருள்வழி பகுத்து வாசகரிடம் சேர்த்தல் வேண்டும். முன்னதில் பொறுமையும் நுணுக்கமும் பழகியவர் பின்னதற்கு அரைவழி வந்துவிட்டார். மீதி வழிக்குப் படிக்கட்டுகள் இந்நாட்டிலேயே உண்டு. 1960இல் தோன்றிய இலங்கை நூலகச் சங்கம் படிப்படியான டிப்ளோமாப் பயிற்சியை நடத்துகிறது. 1999இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து எழுந்த தேசிய நூலக, தகவல் விஞ்ஞான நிறுவகம் ஆசிரிய நூலகர்க்கும் பயிற்சி அளிக்கிறது. அப்படிகளில் ஏறப் பஸ் கட்டணமும் வகுப்புக் கட்டணமும் லயத்துப் பிள்ளைக்கு எங்கிருந்து வரும்?

தோட்டத்தில் பொது நூலகம் அமைக்கச் சட்டமே குறுக்கே நின்ற காலமும் இருந்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டங்களுக்குச் சபைப் பணத்தைச் செலவிடத் தடையாயிருந்தது. 2018இல் அது திருத்தப்பட்டது. இனிச் சட்டத்தைக் காட்டித் தப்ப எவராலும் இயலாது.

ஆகவே நாம் கேட்பது இதுதான். பயிலுநரை அமர்த்தும் ஒவ்வொரு திட்டமும் அவருடைய நூலக டிப்ளோமாச் செலவைத் தன் வரவு செலவில் சேர்க்க வேண்டும். ஊவாவின் தமிழ்ப் பாடசாலைகளில் நூலகப் பொறுப்பை, பாடவேளை குறைந்த ஆசிரியரின் தலையில் கட்டும் வழக்கம் ஒழிய வேண்டும். பயிற்சி பெற்ற நூலகர் அமர்த்தப்பட வேண்டும். பிரதேச சபைகள் தோட்ட நூலகங்களை அமைத்து, அங்கு தமிழறிந்த நூலகருக்கு நிரந்தரப் பதவி வழங்க வேண்டும். ஆவணப் பணியில் பழகியோருக்கு அந்நியமனங்களில் முன்னுரிமை வேண்டும்.

ஆசிரியத் தோழர்களே, மாணவ நண்பர்களே! தொழிற்சங்க மேடைகளில் சம்பளமும் காணியும் வீடும் பேசப்படுகின்றன. அவற்றோடு இக்கோரிக்கையும் பேசப்படல் வேண்டும். உங்கள் பாடசாலையில் நூலகராக இருப்பவர் யார், அவருக்கு என்ன பயிற்சி, என்ன ஊதியம் என்பதை அடுத்த பெற்றோர் கூட்டத்திலேயே கேளுங்கள்.